நெல் ஊறல் நீருக்கு வாங்கிய காற்றின்றிய தாங்கி: நான்கு போகங்களுக்குப் பின் என் மதிப்பீடு

கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் பாதையோரத்தில் எங்கள் குடும்பத்தின் புழுங்கல் அரிசி ஆலை இருக்கின்றது. நெல் ஊறவைத்த நீரைப் பரிகரிப்பதற்காக 2023 ஆவணியில் தெற்கிலுள்ள ஒரு நிறுவனத்திடம் காற்றின்றிய பரிகரிப்புத் தொகுதி ஒன்றை, அதாவது காற்றில்லாமல் வாழும் நுண்ணங்கிகள் கழிவைச் சிதைத்து வாயுவாக்கும் தாங்கியை, வாங்கிப் பொருத்தினோம். அதனைப் பற்றி வன்னியிலுள்ள மற்றைய ஆலைக்காரர்களும் பாற்பண்ணைக்காரர்களும் தொடர்ந்து கேட்டு வருவதால், நான்கு போகங்கள் பாவித்த அனுபவத்தைக் கொண்டு இதனை எழுதுகின்றேன். தாங்கி நல்ல தாங்கி. அது செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்கின்றது. ஆனால் விற்றவர்கள் எங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய ஓர் எச்சரிக்கையையும் சொல்லவில்லை. அதனால் 2025ஆம் ஆண்டின் காலபோக அறுவடையின் உச்சத்திலிருந்து அறுவடை முடியும் வரை அந்தத் தாங்கி எங்களுக்குப் பயன்படாமற் போனது. அவர்கள் சொல்லாமல் விட்டது கரைப்பான்களை, அதாவது பெயின்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்கும் தின்னர் போன்ற திரவங்களைப் பற்றியது.

புழுங்கல் அரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஊறல் நீரின் தொல்லையை விளக்கத் தேவையில்லை. ஒரு தொன் நெல்லை ஊறவைக்க 1,000 முதல் 1,300 லீற்றர் வரை நீர் வேண்டும். நெல் குடித்தது போக மிகுதி மஞ்சள் நிறமாக, மாப்பொருளும் சீனியும் கரைந்து, சற்றே புளிப்பாக வெளியே வரும். அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு 10 தொன் நெல் அவிக்கும் எங்கள் ஆலையிலிருந்து 10 கன மீற்றரளவு நீர் வெளியேறும். முன்னர் அது ஆலைக்குப் பின்னாலுள்ள குழியில் தேங்கி நின்றது. இரண்டாம் நாளே எழும் நாற்றம் வீதி வரைக்கும் போகும். அயலவர்கள் முறையிட்டதில் எந்தப் பிழையும் இல்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்கவும் அந்தக் குழி தடையாக இருந்தது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் இரசாயன ஒட்சிசன் தேவை (அதிலுள்ள அழுக்கை இரசாயன முறையில் ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 250 மில்லிகிராமையும், உயிரியல் ஒட்சிசன் தேவை (அந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணங்கிகள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) 30 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. எங்கள் ஊறல் நீரின் இரசாயன ஒட்சிசன் தேவையோ 3,000 அளவில் இருந்தது.

நாங்கள் வாங்கியது தலா 30 கன மீற்றர் கொள்ளளவுடைய இரண்டு பைபர்கிளாஸ் தாங்கிகள், மேலே வாயு சேரும் குவிமாடம், ஒரு பம்பி, குழாய்கள், சமையலறைக்கான இரண்டு அடுப்புகள் என்பவற்றைக் கொண்ட ஒரு தொகுதி. கழிவுநீர் தாங்கியின் அடியிலிருந்து நுழைந்து, கருமையான சேற்றுப் படுக்கையினூடாக மெதுவாக மேலே ஏறி, உச்சியிலுள்ள வாய்க்காலால் வழிந்து வெளியேறுகின்றது. 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் பேராசிரியர் லெற்றிங்காவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மேல்நோக்கிய பாய்ச்சல் முறை இதுதான். காற்றடிக்கும் இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதே இம்முறையின் பெரிய நன்மையாகும். 2022இல் மின்வெட்டிலும் எரிவாயு வரிசைகளிலும் நின்று களைத்த எங்களுக்கு, மின்சாரத்தைக் குடிக்காமல் வாயுவையும் தருகின்ற ஒரு தொகுதி என்ற சொல்லே போதுமாக இருந்தது.

அந்தச் சொல் பொய்க்கவில்லை. அயலிலுள்ள பட்டிக்காரர் ஒருவரிடமிருந்து மாட்டுச்சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றித் தொடங்கினோம். இம்முறையில் வேலை செய்யும் நுண்ணங்கிகள் மெதுவாகவே பெருகுவதால் முதல் மூன்று மாதங்களும் பொறுமையைச் சோதித்தன. 2024 மாசியில் காலபோக நெல் வந்து குவிந்தபோது தாங்கி முழுச் சுமையையும் தாங்கியது. அகற்றப்படும் ஒவ்வொரு கிலோகிராம் இரசாயன ஒட்சிசன் தேவைக்கும் ஏறத்தாழ 0.35 கன மீற்றர் மெதேன் கிடைக்கும் என்பது இத்துறையின் அடிப்படைக் கணக்கு. அதன்படி எங்கள் ஊறல் நீரின் ஐந்தில் நான்கு பங்கு சுமை அகன்றால் நாளொன்றுக்கு 8 கன மீற்றருக்குச் சற்று அதிகமான மெதேன், அதாவது காபனீரொட்சைட்டுடன் சேர்த்து 13 கன மீற்றரளவு உயிர்வாயு வர வேண்டும்; அதற்குக் கிட்டிய அளவு வந்தது. 12.5 கிலோகிராம் சிலிண்டரில் ஏறத்தாழ அரைவாசிக்குச் சமமான எரிபொருள் ஒவ்வொரு நாளும் எங்கள் கழிவிலிருந்தே கிடைத்தது என்று சொன்னால் பெறுமதி விளங்கும். ஆலையில் வேலை செய்யும் பதினான்கு பேருக்கும் மதியச் சோறும் இரண்டு வேளைத் தேநீரும் அந்த அடுப்பிலேயே ஆகின. வன்னியின் வெக்கை மனிதருக்குக் கடினமாயினும் இந்த நுண்ணங்கிகளுக்கு உகந்தது. 35 பாகை செல்சியஸை அண்டிய வெப்பநிலையில் அவை நன்றாக இயங்குவதால் தாங்கியைச் சூடாக்கும் செலவே எங்களுக்கு இல்லை. இரண்டு போகங்களுக்கு இடையில் ஆலை ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் சேறு சாகாமற் கிடந்து, அடுத்த அறுவடையில் ஓரிரு வாரங்களில் உயிர்த்தெழுந்ததையும் கண்டேன். பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலைகளுக்கு இது மிகவும் பொருத்தமான இயல்பு.

விளம்பரக் கையேட்டில் ஒரு மிகைப்படுத்தல் உண்டு. தாங்கியிலிருந்து வரும் நீரை நேரே வாய்க்காலில் விடலாம் என்று அதில் அச்சிட்டிருக்கின்றார்கள். 3,000இல் ஐந்தில் நான்கு பங்கு போனாலும் 600 மிஞ்சும். 250 என்ற எல்லைக்கு அது இரு மடங்கிலும் கூடுதலானது. ஆகவே பின்னால் ஓர் ஆழமற்ற குளமும், புல் நட்ட ஒரு சதுப்புப் படுக்கையும் கட்டாயம் தேவை. நாங்கள் அதற்கு வேறாகச் செலவு செய்தோம். விலை கேட்கும்போதே இதனையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கின்றேன். எங்கள் வளவின் கிழக்கு மூலையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதனை உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் லொறிகளுக்கும் தகர வேலையும் பெயின்ற் வேலையும் செய்யும் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். கொட்டகையின் கழுவு நீர் போகும் கான், ஆலையின் கானுடன் சேர்ந்து தாங்கியின் நுழைவுத் தொட்டிக்கே வந்தது. நிறுவனத்தார் தொகுதியைப் பொருத்திய நாளில் அந்தக் கான் அவர்களுடைய கண்முன்னாலேயே இருந்தது. அதில் என்ன வருகின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கையேட்டிலும் "எல்லா வகைச் சேதனக் கழிவுநீருக்கும் ஏற்றது" என்றே எழுதியிருந்தது. இந்த ஒரு வரியின் மீதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. தின்னரும், பெற்றோலும், பெயின்ற் உரிக்கும் திரவமும் வேதியியல் கணக்கில் சேதனச் சேர்வைகளே, அதாவது காபனை அடிப்படையாகக் கொண்டவையே. வாங்குபவருக்கு அந்தச் சொல் சோற்றுக் கஞ்சியையும் சாணத்தையும் நினைவூட்டும். அது எதையெல்லாம் உள்ளடக்கும் என்பதை விற்பவர்தான் அறிவார்.

2025 பங்குனி முதற் கிழமையில், அறுவடையின் உச்சத்தில், சமையலுக்கு நிற்கும் தம்பி காலையிலேயே வந்து, "அக்கா, அடுப்பு பத்துதில்லை, பத்தினாலும் நிக்குதில்லை" என்றார். போய்ப் பார்த்தேன். நீலமாக, சீறிக்கொண்டு எரிய வேண்டிய சுவாலை, அடுப்பின் வாயிலிருந்து விலகி ஒரு விரற்கடை உயரத்தில் தள்ளாடி அணைந்தது. வாயு அழுத்தத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் நீர் மட்டம் வழமையை விடக் கீழே கிடந்தது. அடுத்த நாள் வழிவாய்க்காலருகே நின்றபோது, பழகிய சேற்று மணத்துக்குப் பதிலாகக் கூழ் புளித்தது போன்ற கூர்மையான நெடி மூக்கில் ஏறியது. மூன்றாம் நாள், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் (அமிலம் கூடக் கூட இது குறையும்) 6.1. அது 6.8க்கும் 7.2க்கும் இடையில் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் உதவித் தொலைபேசிக்கு எடுத்தேன். வாயு குறைந்தால் ஊட்டம் போதவில்லை என்பதே பொருள், ஆகவே ஊறல் நீரைக் கூட்டி விடுங்கள் என்று சொன்னார்கள். நாங்கள் அப்படியே செய்தோம். இரண்டு நாள்களில் பெறுமானம் 5.6 ஆக இறங்கியது. இந்த அறிவுரை ஏன் இவ்வளவு கேடானது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

காற்றில்லாத தாங்கிக்குள் ஒரே வகை நுண்ணங்கி மட்டும் இருப்பதில்லை. ஓர் ஊரே இருக்கின்றது. முதலாவது கூட்டம் மாப்பொருளையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றைக் கொழுப்பமிலங்களாக மாற்றும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை, வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் ஆக்கும். கடைசியாக மெதேனாக்கிகள் அவற்றை எடுத்து மெதேனாக வெளியேற்றும். அமிலம் ஆக்குபவை முரட்டுச் சாதி. மணிக்கணக்கில் பெருகும், எந்தக் கேட்டிலும் பிழைக்கும். மெதேனாக்கிகள் அப்படியல்ல, அசற்றிக்கமிலத்தை உண்ணும் சில இனங்கள் இரு மடங்காவதற்கே நான்கு நாள்களுக்கு மேல் எடுக்கும். நஞ்சு ஒன்று உள்ளே வந்து மெதேனாக்கிகளை முடக்கிவிட்டால், முன்னால் உள்ளவை அமிலத்தை ஆக்கிக்கொண்டே இருக்கும், அதனை எடுத்து முடிப்பதற்கு ஆள் இராது. அமிலம் தேங்கும், பி.எச். விழும், அந்த வீழ்ச்சி மிஞ்சியிருக்கும் மெதேனாக்கிகளையும் அமுக்கிவிடும். அந்த நிலையில் ஊட்டத்தைக் கூட்டுவது, வயிற்றுப்போக்கில் கிடக்கும் பிள்ளைக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பானது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இரசாயனம் படித்த என் பெறாமகள். அவர் கானை மேல்நோக்கித் தொடர்ந்து நடந்து, கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு நாலு லீற்றர் தகரப் பேணியைத் தூக்கி வந்தார். அடியில் கெட்டியான பசை போன்ற திரவம் சிறிது மிஞ்சியிருந்தது. வெளியே பாதி கிழிந்த ஒட்டுத்தாளில், பெயின்ற் உரிக்கும் கரைப்பானான இருகுளோரோமெதேனின் பெயர் தெரிந்தது. "சின்னம்மா, இதைக் கழுவித்தான் விட்டிருக்கினம். தின்னர் எண்டால் இவ்வளவு கெதியா விழாது" என்றார். கேட்டபோது வாடகைக்காரர் எதையும் மறைக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றின் பழைய பெயின்றை உரிக்க அந்தப் பசையைப் பூசி, சுரண்டி, இரண்டு நாளாக நீரடித்துக் கழுவியிருக்கின்றார். அந்தத் தாங்கி எல்லாக் கழிவையும் தின்னும் என்று நாங்களே அவருக்குச் சொல்லியிருந்தோம். எங்களுக்கு அப்படிச் சொன்னது கையேடு.

பெறாமகள் கடதாசியில் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் ஆலைக் கந்தோரின் சுவரில் ஒட்டியிருக்கின்றது. பேணியில் இருந்த நாலு லீற்றரில் மூன்று லீற்றர் இருகுளோரோமெதேன் என்று கொண்டால், அது நீரைவிடப் பாரமானதாகையால் 4 கிலோகிராம் வரும். அதனை 60,000 லீற்றர் நீரில் சமமாகக் கலந்தால் லீற்றருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல். பாதிக்கு மேல் காற்றோடு போயிருந்தாலும் 25 அல்லது 30 மிஞ்சும். பழக்கமில்லாத மெதேனாக்கிகளின் வேலையைப் பாதியாகக் குறைக்க இருகுளோரோமெதேன் லீற்றருக்கு 10 மில்லிகிராம்கூட வேண்டியதில்லை. அதன் உறவான குளோரோபோமுக்கோ 1 மில்லிகிராமே போதும்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன், ஏனெனில் இதனை அறிந்த பின்னர் எல்லாக் கரைப்பான்களையும் ஒரே கண்ணால் பார்க்கும் அச்சமும் எனக்கு நீங்கியது. மதுசாரங்கள் இந்த நுண்ணங்கிகளுக்கு உணவு. மெதனோலைச் சில மெதேனாக்கிகள் நேரடியாகவே உண்ணும். எதனோல் அசற்றிக்கமிலமாகிப் பின்னர் மெதேனாகும். அசற்றோனும் சேறு பழகிய பின்னர் மெதுவாகச் சிதைந்துவிடும். லீற்றருக்குப் பல்லாயிரம் மில்லிகிராம் அளவில்தான் இவை மூன்றும் நேரடி நஞ்சாகின்றன. அதற்கு முன்னர் வரும் ஆபத்து, திடீரென்று கூடிய சுமையால் அமிலம் தேங்குவதே. தின்னரிலுள்ள தொலுயீன், சைலீன் போன்றவை வேறு இனம். நீரில் குறைவாகவே கரையும் இவை நுண்ணங்கியின் கொழுப்பாலான மென்சவ்வில் போய்ப் படிந்து, அதனை ஒழுகச் செய்யும். ஆயினும் லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் சேர்ந்தால்தான் இவை மெதேனாக்கத்தைப் பாதியாக்கும். குளோரீன் சேர்ந்த சிறிய மூலக்கூறுகளின் கதையோ முற்றிலும் வேறு. மெதேனின் நான்கு ஐதரசன்களில் இரண்டை எடுத்துவிட்டுக் குளோரீனை வைத்தால் இருகுளோரோமெதேன் கிடைக்கும், மூன்றை எடுத்துவிட்டு வைத்தால் குளோரோபோம் கிடைக்கும். மெதேனின் சாயலைக் கொண்டிருப்பதனால் இவை மெதேனை உருவாக்கும் நொதியங்களிலேயே, அதாவது அந்த வேலையை நடத்தும் புரதங்களிலேயே, போய் இடறுகின்றன. கோபால்ற்றைக் கொண்ட, வைற்றமின் பி12 இனத்தைச் சேர்ந்த துணைப்பொருள்களையும் செயலற்றவை ஆக்குகின்றன. அமிலம் ஆக்கும் பற்றீரியாக்களுக்கு அந்த நொதியம் இல்லை. ஆகவே அவை தப்பிக்கொள்கின்றன. ஒரு துளி போதுமாக இருப்பதன் காரணம் இதுதான்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில், ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்த காலத்தை என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். குளோரீன் என்றால் எங்கள் ஊரில் கிணற்றுக்குப் போடும் மருந்து என்ற எண்ணமே பலரிடம் உண்டு. அதே குளோரீன் ஒரு கரைப்பானுக்குள் ஏறியிருந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை எங்களில் எவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நிறுவனத்தின் தொழினுட்பவியலாளர் எங்கள் முதல் அழைப்பிலிருந்து மூன்றாவது கிழமையில்தான் வந்தார். வந்தவர் மரியாதையானவர், கைவேலையில் கெட்டிக்காரர். வீங்கிப் போயிருந்த இறப்பர் வளையங்களை மாற்றித் தந்தார். அந்த வளையங்கள் ஏன் வீங்கின என்று நான் கேட்டதற்கு அவரிடம் மறுமொழி இல்லை. கரைப்பான்கள் நுண்ணங்கிகளோடு மட்டும் நிற்பதில்லை: இறப்பர் வளையங்களை ஊதச் செய்யும், பீவீசி குழாய்களின் ஒட்டிய மூட்டுகளை இளக்கும், இருகுளோரோமெதேன் போன்றவை பைபர்கிளாஸின் பிசினையும் மென்மையாக்கும். எங்கள் நுழைவுக் குழாயின் உட்பக்கத்தை விரலால் தடவியபோது, வழுவழுப்பாக இருந்த இடம் பிசுபிசுத்தது. தாங்கியின் சுவர் பழுதாகாமற் தப்பியது அதிர்ஷ்டமே. பத்து வருட உத்தரவாதம் என்று எழுதிக் கொடுப்பவர்கள், அந்த உத்தரவாதத்தை எவை அழிக்கும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மீட்பு வேலையை நாங்களே செய்தோம். முதலில் ஊட்டத்தை முற்றாக நிறுத்தி, ஊறல் நீரைப் பழைய குழிக்குத் திருப்பினோம்; நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி அயலவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். சேற்றை அசைக்காமல் தாங்கியின் மேல் நீரைச் சிறிது சிறிதாக எடுத்துப் பீப்பாய்களில் தனியாக வைத்து, அதற்குப் பதிலாகக் கிணற்று நீரை விட்டோம். இருகுளோரோமெதேன் 40 பாகையிலேயே கொதிப்பது. பங்குனி வெயிலில் சூடான தாங்கியிலிருந்து அதன் பெரும்பகுதி வாயுவோடு சேர்ந்து தானே வெளியேறியது. அந்த நாள்களில் வாயுவைச் சமையலுக்கு எடுக்கவில்லை, ஒருவரையும் குவிமாடத்தருகே போகவும் விடவில்லை. குளோரீன் கொண்ட ஆவி எரிந்தால் ஐதரோகுளோரிக்கமில ஆவி உண்டாகும். அதற்கு முன்னர் எரித்த சில நாள்களிலேயே பித்தளை அடுப்பு வாய் பச்சை பூத்துவிட்டது.

அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு போடலாம் என்று பலர் சொன்னார்கள். மூடிய தாங்கியில் சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டினால் அது அங்குள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி, குவிமாடத்தில் அழுத்தத்தைக் குறைத்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்கவோ தாங்கியை நெளிக்கவோ கூடும். ஆகவே விலை கூடுதலென்றாலும் அப்பச்சோடாவையே, அதாவது சோடியம் இருகாபனேற்றையே, நாளுக்குச் சில கிலோகிராமாகக் கரைத்து விட்டோம். பெறுமானம் 6.8ஐத் தொட்ட பின்னர் மல்லாவிப் பக்கத்தில் நன்றாக ஓடும் ஒரு சாணவாயுத் தாங்கியிலிருந்து இரண்டு பவுசர் சேறு கொண்டுவந்து ஊற்றினோம். அதன் பிறகு ஊறல் நீரைப் பத்திலொரு பங்கில் தொடங்கி, கிழமைக்கொரு படியாகக் கூட்டினோம். சித்திரை வருடப்பிறப்பன்று அடுப்பு பலவீனமாகப் பிடித்தது. வைகாசி நடுப்பகுதியில்தான் சுவாலை பழைய நீலத்துக்கு வந்தது. அதற்குள் அறுவடை நெல்லெல்லாம் அவித்து முடிந்துவிட்டது.

மீண்டு வந்ததில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. குளோரோபோம் போன்ற நஞ்சுகள் பல வேளைகளில் மெதேனாக்கிகளைக் கொன்றுவிடுவதில்லை, முடக்கிப் போடுகின்றன. நஞ்சு அகன்றதும், சேறு வெளியே அடித்துச் செல்லப்படாமல் இருந்தால், அவை எழும்பும். ஆகவே தாங்கி செத்துவிட்டது என்று எண்ணிச் சேற்றை முழுவதுமாக வெளியே இறைத்துக் கழுவுவதுதான் எவரும் செய்யக்கூடிய ஆகப் பெரிய பிழை. தொழினுட்பவியலாளர் அதனையே செய்யச் சொன்னார். நான் மறுத்ததை இன்றும் சரியென்றே நினைக்கின்றேன். கையில் எடுத்துப் பார்த்தால் எள்ளைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த, நசித்தால் நசியும் குருணல்கள் அந்தச் சேற்றில் இருந்தன. ஒன்றரை வருடம் ஊறல் நீரை உண்டு வளர்ந்த குருணல்கள் அவை; புதிய சாணத்தில் அவற்றை வாங்க முடியாது.

சேறு காலப்போக்கில் கரைப்பான்களுக்குப் பழகிக்கொள்ளும், ஆகவே கவலையில்லை என்று சொல்பவர்களும் இருக்கின்றார்கள். சிறிய அளவில், இடைவிடாமல் வரும் கரைப்பானுக்குச் சேறு பழகும் என்பது உண்மை. கழிவுநீரின் இயல்பு மாறாத பெரிய தொழிற்சாலைகளில் அப்படியே நடத்துகின்றார்கள். மாதத்துக்கொரு நாள் ஒரு பேணியைக் கழுவி விடும் கொட்டகைக்கு அது பொருந்தாது. பழகுவதற்கு முன்னரே அடி விழுந்துவிடும். அத்துடன், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பாவிக்கும் முக்குளோரோஎதிலீன் போன்றவற்றைக் காற்றில்லா நுண்ணங்கிகள் படிப்படியாகக் குளோரீன் நீக்கும்போது, இடையில் வினைல் குளோரைட்டு உண்டாகின்றது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். நுண்ணங்கிகள் பார்த்துக்கொள்ளும் என்று அவற்றைத் தாங்கிக்குள் விடுவது ஆகவே ஆகாது.

கானைப் பிரித்து, கொட்டகையின் கழுவு நீரை மண்ணுக்குள் விட்டால் என்ன என்று அண்ணன் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. இருகுளோரோமெதேனும் முக்குளோரோஎதிலீனும் நீரைவிடப் பாரமானவை. மணல் மண்ணில் அவை நிலத்தடி நீர்மட்டத்தையும் ஊடுருவிக் கீழே இறங்கிப் போய்த் தங்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனங்கள் குடிநீருக்குப் பட்ட துன்பத்தை நாங்கள் கண்டிருக்கின்றோம். எண்ணெயாவது மேலே மிதந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், இவை அடியில் கிடந்து கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். எங்கள் வளவுக் கிணற்றிலிருந்து கொட்டகை இருபது மீற்றர்கூட இல்லை. இப்போது கொட்டகைக்கும் ஆலைக் கானுக்கும் இடையில் சீமெந்தால் அடைத்திருக்கின்றோம். வாடகைக்காரர் பழைய பெயின்றை மணல்தாளாலும் கம்பித் தூரிகையாலும் உரிக்கின்றார். மிஞ்சிய தின்னரை மூடிய பேணியில் படியவிட்டு, மேலே தெளிந்ததைத் தூரிகை கழுவத் திரும்பவும் எடுக்கின்றார். அடிமண்டியும் நாங்கள் பீப்பாய்களில் வைத்த நீரும், அனுமதி பெற்ற சேகரிப்பாளர் மூலம் புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்கு அனுப்புவதற்காகப் பூட்டிய அறையில் இருக்கின்றன. ஆலையின் சொந்த வேலைகளிலும், பம்பி கழற்றிக் கழுவும் மண்ணெண்ணெய், கிறீஸ் துடைத்த துணி எதுவும் கான் வழியாகப் போவதில்லை.

வாங்க எண்ணுபவர்களுக்கு: தாங்கியின் கட்டுமானத்துக்கும் வேலைத்திறனுக்கும் என்னிடம் குறையில்லை, ஊறல் நீருக்கும் பால் கழுவு நீருக்கும் இதனை நம்பி வாங்கலாம். விற்பனைக்குப் பின்னரான சேவை மந்தமானது. தொலைபேசியில் கிடைக்கும் அறிவுரையைப் பி.எச். பார்க்காமல் பின்பற்ற வேண்டாம். நல்ல பி.எச். அளவி ஒன்றையும், காரத்தன்மையையும் (அமிலத்தைத் தாங்கும் நீரின் ஆற்றல்) கொழுப்பமிலத்தையும் அளக்கும் எளிய தொகுதி ஒன்றையும் தாங்கியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கொழுப்பமிலம் காரத்தன்மையில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டினால் ஊட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே விதி, பி.எச். விழுவதற்குச் சில நாள்களுக்கு முன்னரே உங்களை எழுப்பிவிடும். எங்களிடம் அப்போது அந்தத் தொகுதி இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன், உங்கள் வளவிலுள்ள ஒவ்வொரு கானிலும் என்ன வருகின்றது என்று விற்பவர் நடந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கேளுங்கள். எந்தக் கரைப்பான் எந்தச் செறிவில் தாங்கியை நிறுத்தும் என்ற அட்டவணையையும் அவரிடமிருந்தே பெறுங்கள். நான் அந்த அட்டவணையைக் கேட்டு நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்குப் பின்னர் கையேட்டின் புதிய பதிப்பு வந்தது, அதில் "எல்லா வகைச் சேதனக் கழிவுநீருக்கும்" என்ற வரி அப்படியே இருக்கின்றது.